செவ்வாய்க்கிழமை வாங்கிய நாலு பேட்டரி

பாக் முகியோனோவின் வீட்டு அலமாரியில் ஒரு சிவப்பு பிஸ்கட் டின் இருக்கிறது. எங்கள் கராங்ஜாத்தி ஊருக்குப் புதிதாக வருகிற விருந்தாளிகள் எல்லோரும் ஒரு தடவையாவது அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஏமாந்திருக்கிறார்கள். அதற்குள் பிஸ்கட் இருந்து பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது இருப்பது பேட்டரி. தீர்ந்தால் சார்ஜ் ஏற்றித் திரும்பப் போட்டுக்கொள்கிற, விரல் பருமன் பேட்டரிகள். பச்சை, வெள்ளை, கறுப்பு, தங்க நிறம் என்று ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. சில நேற்றுப் பிறந்தவை, சில தோல் உரிந்து டேப் சுற்றிக்கொண்டு உயிரோடு இருப்பவை. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, வாங்கிய நாளை எழுதி வைத்திருப்பார்.

நல்ல பழக்கம்தானே என்று தோன்றும். பொறுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பாக் முகியோனோவுக்கு (எங்கள் பக்கம் பெரியவர்களை 'பாக்' போட்டுத்தான் கூப்பிடுவோம்) வேலை ஊர்ப் பள்ளிக்கூடத்தில். காலையில் கதவைத் திறப்பது, மணி அடிப்பது, சாயங்காலம் கூட்டிப் பெருக்கிப் பூட்டுவது. அது சம்பளத்துக்கான வேலை. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்கிற வேலை வேறு. மெராப்பி மலைச் சரிவில் இருக்கிற எட்டுக் குக்கிராமங்களும் சேர்ந்து நடத்துகிற லெரெங் வானொலிக்கு அவர்தான் பதிவுக்காரர். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், பெண்கள் பக்திப் பாட்டுக் குழு தம்பட்டம் தட்டிப் பாடுவது, வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற கூட்டம், அந்தக் கூட்டத்தின் முடிவில் நடக்கிற சண்டை, எல்லாம் அவருடைய உள்ளங்கை அகல ரெக்கார்டருக்குள் போய்த்தான் வானொலிக்கு வந்து சேரும். ரெக்கார்டருக்கு ஒரு நேரத்தில் இரண்டு பேட்டரி.

அந்த ரெக்கார்டர் கையில் ஏறிவிட்டால் மனிதருக்கு ராஜ தோரணை வந்துவிடும். ஒற்றை விரலைத் தூக்குவார். ஊர் வாயை மூட வேண்டும். இருமல் கூடாது, செருப்பை இழுத்து நடக்கக் கூடாது, கைப்பேசியை அணைத்தே ஆகவேண்டும். ஒருமுறை பிரசங்கத்தின் நடுவே சேவல் கூவியதற்கு, அதன் சொந்தக்காரரிடம் போய், "கொஞ்சம் கூடையைப் போட்டுக் கவுத்து வெக்கக் கூடாதா?" என்று கேட்டுச் சண்டைக்கு நின்றார். ஊரார் குரலையெல்லாம் இருபது வருஷமாகப் பிடித்து வைத்திருக்கிற இந்த மனிதர் தன் குரலை மட்டும் ஒரு நாளும் பதிந்ததில்லை. "என் குரலா? தகர டப்பாவுக்குள்ள கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி இருக்கும்" என்பார்.

சரி, பேட்டரிக்கு வருவோம். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் பெண்ணும் பையனும் பிறந்த நாளைக் கேட்பார்கள். வாரத்து ஏழு நாளுக்கும் ஒவ்வொரு எண் உண்டு. சந்தை நாட்கள் என்று ஐந்து சுற்றி வரும், அவற்றுக்கும் ஒவ்வொரு எண் உண்டு. இருவர் எண்ணையும் கூட்டி எட்டால் வகுத்து, மிச்சம் என்ன என்று பார்ப்பார்கள். மூன்று மிஞ்சினால் நல்ல ஜோடி. ஒன்று மிஞ்சினால் பிரிவு. ஆறு மிஞ்சினால் ஆயுசுக்கும் சண்டை.

பாக் முகியோனோ இந்தக் கணக்கை பேட்டரிக்குப் போட்டார்.

சிரிக்கிறீர்களா? வானொலி நிலையத்தை ஒட்டி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் தர்சோனோவும் இதைக் கேட்ட அன்றைக்கு முக்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான்.

"பேட்டரிக்குப் பொறந்த நாள் எழுதி வெக்கிறது நல்ல பழக்கம், பாக். ஆனா எதுக்குத் தெரியுமா? ஒரே நாள்ல வாங்கினது, ஒரே கம்பெனி, ஒரே அளவு, அதுங்களை ஒண்ணாவே வெச்சிக்கணும். ஒண்ணாவே போடணும், ஒண்ணாவே சார்ஜ் ஏத்தணும். நீங்க என்னடான்னா அண்ணன் தம்பியைப் பிரிச்சு வெச்சு, தாத்தாவையும் பேரனையும் ஜோடி சேக்கறீங்க."

"வலுத்தது இளைச்சதைத் தூக்கிக்கிட்டுப் போகும்டா. ஊர்ல நாம ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்கறதில்லையா?"

"ஊர்ல தூக்கும். பேட்டரில தூக்காது. இளைச்சது பாதியில படுக்கும், வலுத்ததையும் சேத்து இழுத்துப் போட்டுக்கிட்டுப் படுக்கும். அது வரைக்கும் உங்க ரெக்கார்டர் மூணு கோடு காட்டிக்கிட்டு ஜம்முனு இருக்கும்."

அவர் கேட்டாரா? கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணமும் இருந்தது. வானொலிக்கு வேண்டியது பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம்தான். எந்த ஜோடியும் அது வரை தாங்கிவிடும். தாங்காமல் போன நாள் ஒன்றிரண்டு உண்டு. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி உரம் பற்றி இரண்டு மணி நேரம் பேசியபோது பதினெட்டாவது நிமிஷத்தில் ரெக்கார்டர் படுத்துவிட்டது. உரப் பேச்சு இல்லாமல் போன அந்த வார நிகழ்ச்சி பிரமாதம் என்றார்கள் நேயர்கள். பாக் முகியோனோ வீட்டுக்கு வந்து, "கணக்குல எங்கயோ ஒண்ணு விட்டுப்போச்சு" என்று அந்த ஜோடியைப் பிரித்து வேறு ஜோடி சேர்த்தார்.

அவருடைய மனைவி வசிலா இதற்கெல்லாம் வாய் திறக்க மாட்டாள். அவளிடம் வேறு ஆயுதம் இருந்தது. அது வாத்துப் பாட்டு.

மகள் லிஸ்தியானிக்கு நாலு வயது இருக்கும்போது, வாத்து சந்தைக்குப் போவதைப் பற்றித் தானே ஒரு பாட்டுக் கட்டினாள். அப்போது அவரிடம் கேசட் ரெக்கார்டர். பாட்டை அழகாகப் பதிந்து, ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினார். மூன்றாவது மாதம் வாய்க்கால் கூட்டத்துக்கு அவசரமாகக் கேசட் தேவைப்பட்டது. அதன் மேலேயே கூட்டத்தைப் பதிந்துவிட்டார். இருபது வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் வீட்டில் சாவி காணோம் என்றால் வசிலா சொல்வாள்: "பாருங்க, அதும் மேல வாய்க்கால் கூட்டம் ஏதாச்சும் நடக்குதா என்னமோ." அந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பேச வாய் கிடையாது.

அந்த லிஸ்திக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பிரியாம்போதோ, பள்ளி ஆசிரியர், தங்கமான பையன். ஆனால் வேலை சோரோங்கில், பப்புவாவின் மூக்கு நுனியில். இரண்டு விமானம் மாற வேண்டும், இல்லை என்றால் கப்பலில் ஐந்து நாள். இருவர் கணக்கையும் கூட்டிப் பார்த்தபோது நாலு மிஞ்சியது. முதலில் கஷ்டம், பிறகு சுகம். "கஷ்டம்னா சோரோங்தான் போல" என்று பெருமூச்சு விட்டுவிட்டு பாக் முகியோனோ சம்மதம் சொன்னார்.

யோக்யகார்த்தாவில் மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து, மணி ஐந்தானால் 'டீ குடிச்சீங்களா' என்று கேட்கிற லிஸ்தி, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை நிறம், நாலு புத்தம் புதுப் பேட்டரி.

"அப்பா, எனக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கணும்."

"சொல்லும்மா."

"இஜாப் சொல்றதுக்கு காஜியாரைக் கை காட்டிட்டு நீங்க ஒதுங்கக் கூடாது. நீங்களே சொல்லணும். உங்க வாயால."

பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, இன்ன மஹருக்கு, அதாவது இன்ன மணப்பரிசுக்கு, என் மகளை உனக்குக் கொடுத்தேன் என்று சொல்லுகிற அந்த ஒரு வாக்கியம்தான் இஜாப். வாய் கூசுகிற தகப்பன்மார் காஜியாரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். பாக் முகியோனோவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"நானா? நாலு பேர் முன்னாடியா? அதும் மைக்குலயா?"

"ஆமா. அதை நீங்களே பதிஞ்சும் குடுக்கணும். நான் சோரோங்குக்கு எடுத்துட்டுப் போகப் போறேன். ஊர்ல எல்லாரோட குரலும் நம்ம வீட்ல இருக்கு. உங்க குரல் மட்டும் எங்கயும் இல்ல." பிறகு அட்டையைத் தட்டிக் காட்டினாள். "ரெண்டு ரெண்டாப் போடுங்க. சார்ஜ் ஏத்தியே வருது. உங்க டின்ல இருக்கறதோட கலக்காதீங்க, என்ன?"

உள்ளேயிருந்து வசிலாவின் குரல் வந்தது. "உங்கப்பா கிட்ட பதிவைக் குடுத்து வெக்கறியா? வாத்து ஞாபகம் இருக்கா உனக்கு?"

பாக் முகியோனோவுக்குச் சுருக்கென்றது. "இந்தத் தடவை விட மாட்டேன்" என்றார். சத்தியம் செய்வதுபோல மார்பில் கை வைத்துச் சொன்னார்.

லிஸ்தி உள்ளே போனதும் அவர் செய்த முதல் காரியம், பேட்டரி வாங்கிய நாள் என்ன என்று அட்டையோடு இருந்த ரசீதில் பார்த்ததுதான். வாரத்தில் செவ்வாய், சந்தை நாளில் க்ளிவோன். மூன்றும் எட்டும் பதினொன்று. ஒன்றோடொன்று சேர்த்தால் இருபத்திரண்டு. எட்டால் வகுத்தால் மிச்சம் ஆறு. சண்டை! மனிதர் அட்டையைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு கொள்ளவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் சமையலுக்குக் கை கொடுக்க வந்து, அடுப்படியில் ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி வெங்காயம் உரிக்க, ஒருத்தி எல்லோரையும் கிண்டல் செய்ய, பெரிய அண்டாவில் சர்க்கரைத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் வசிலா கணவரைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்து வந்தாள்.

"நாளைக்கு அங்க போயி முழிக்காதீங்க. இங்கயே சொல்லிப் பாருங்க. நான்தான் மாப்பிள்ளை. ரெக்கார்டரை நானே அமுக்கறேன், அப்புறம் நீங்க கேட்டுப் பாத்துத் திருத்திக்கலாம்."

அவர் மறுத்துப் பார்த்தார். தேங்காய்த் துருவல்காரிகள் விடவில்லை. "என்ன பாக் முகி, சேவலைக் கூவ விடாத மனுஷன் நீங்க, இப்ப நீங்களே கூவ மாட்டேங்கறீங்க?" வேறு வழியில்லாமல் வசிலாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

முதல் தடவை மாப்பிள்ளையைத் தன் பெயர் சொல்லியே கூப்பிட்டு, தன் மகளைத் தனக்கே கட்டிக் கொடுக்கப் பார்த்தார். பெண்கள் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக் கோழிகூடக் கூரை ஏறியிருக்கும். இரண்டாவது தடவை, "பிரியாம்போதோ, என் மகள் வசிலாவை உனக்கு" என்றார்.

"என்னைக் கட்டிக் குடுத்துட்டு நாளையிலேருந்து யாரு கையால சாப்பிடுவீங்க?" என்றாள் வசிலா.

மூன்றாவது தடவை மஹர் என்னவென்று மறந்துபோனது. நாலாவது தடவை நடந்ததைப் பற்றி அன்றைக்கு அந்த அடுப்படியில் இருந்த யாரும் வெளியே பேசவில்லை.

சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போதுதான், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார். வசிலா ஆரம்பிக்கிற பொத்தானை அமுக்கியவள், நிறுத்துகிற பொத்தானை அமுக்கவே இல்லை.

"அய்யய்யோ! மத்தியானத்துலேருந்து சட்டி பானை சத்தம் பூரா பதிஞ்சு கெடக்கே!" நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவருக்கு இன்னும் அதிர்ச்சி. புது அட்டையைக் கிழித்து இரண்டு செவ்வாய்க்காரர்களை ஒன்றாகப் போட்டிருந்தாள். "சண்டைக்காரங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல அடைச்சு வெச்சிருக்கியே!"

"அஞ்சு மணி நேரம் சத்தம் போடாம ஓடியிருக்காங்க, பாருங்க."

"இன்னிக்கு ஓடுவாங்க. நாளைக்குன்னு பாத்து மூஞ்சியத் திருப்பிக்குவாங்க."

"நம்ம ரெண்டு பேருக்கும் கூட்டிப் பாத்தா எத்தனை மிச்சம்?"

அவர்களுக்கும் ஆறுதான். அது கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது, அதற்குள் லிஸ்தி தொட்டிலில் இருந்தாள்.

டின்னைத் திறந்து தேடினார். புதன் பாஹிங்கில் பிறந்த ஒரு கிழவர் கிடைத்தார். ஐந்து வருஷத்துக்கு முந்தையவர், பச்சைத் தோல் உரிந்து டேப் சுற்றியவர். ஏழும் ஒன்பதும் பதினாறு. பதினாறும் பதினொன்றும் இருபத்தேழு. மிச்சம் மூன்று. நல்ல ஜோடி! கிழவரையும் ஒரு வெள்ளைப் புதியவரையும் சார்ஜரில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். கிழவர் சீக்கிரமே சூடாகிவிட்டார். அதைப் பார்த்து, நன்றாக ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டார். இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணி. கூடத்தில் பாய் விரித்து, நடுவில் குட்டையான மேசை. ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் பாக் முகியோனோ, தலையில் மடிப்புக் கலையாத ப்லாங்கோன் முண்டாசு. மைக்குக்குக் கீழே பூச்சரத்தின் மறைவில் ரெக்கார்டர். விருந்தினர் வர ஆரம்பித்ததிலிருந்தே ஓட விட்டிருந்தார். மூன்று கோடு, முழுசாக.

ஆரம்பிப்பதற்கு முன்னால் எழுந்து நின்று, வழக்கமான ஒற்றை விரலைத் தூக்கினார். "எல்லாரும் கைப்பேசியை அணைச்சிடுங்க. அதிர்ற சத்தம்கூட என் பதிவுல விழும். யாரும் எதையும் கையில வெச்சுக்க வேணாம். பதிவு நான் பாத்துக்கறேன்." காஜியார் உட்பட எல்லோரும் அணைத்துப் பையில் போட்டார்கள். மாப்பிள்ளையின் தம்பி மட்டும் தயங்கினான். அவனை முறைத்தே அணைக்க வைத்தார்.

பிறகு உட்கார்ந்து, பிரியாம்போதோவின் கையைப் பிடித்தார்.

ஒரு தப்பு இல்லை. ஒரு திக்கல் இல்லை. மாப்பிள்ளையின் பெயர், அவன் தகப்பனார் பெயர், மகள் பெயர், மஹர், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, தகர டப்பாவும் இல்லை கல்லும் இல்லை, கணீரென்று வந்தது. மாப்பிள்ளை ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டான். சாட்சிகள் "செல்லும்!" என்றார்கள். பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். லிஸ்தி திரைக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துவா ஓதி முடிந்து, எல்லோரும் எழுந்து மாப்பிள்ளையைக் கட்டிப் பிடிக்கும்போது, பாக் முகியோனோ பூச்சரத்தை விலக்கிப் பார்த்தார். சிவப்பு விளக்கு இல்லை. திரை கறுப்பாக இருந்தது. பொத்தானை அமுக்கினார். வரவில்லை. கிழவரின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். கொதித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் போகிறாள், அந்த வருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். லிஸ்தி, "பதிவு எப்படிப்பா வந்திருக்கு?" என்று கேட்டபோது, "ஏத்திக்கிட்டிருக்கேன்ம்மா, ஏத்திக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர் பொய் சொன்னால் பார்க்கவே பாவமாக இருக்கும்.

மூன்றாம் நாள் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு தர்சோனோவின் கடைக்குப் போனார். அவன் கார்டை கணினியில் போட்டுப் பார்த்தான். அந்தக் காலையின் கோப்புக்குப் பெயர் இருந்தது. நீளம் பூஜ்யம்.

"நிறுத்தற பொத்தானை அமுக்கினாத்தான் பாக், அது கோப்பை மூடி வெக்கும். கரன்ட் பாதியில போச்சுன்னா மொத்தமும் போச்சு. ரெண்டு பேட்டரிக்கும் சேத்துத்தான் அது கோடு காட்டும். புதுசு தெம்பா இருந்ததுனால கெழடு சாகறது வெளியில தெரியல." சொல்லிக்கொண்டே வந்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். இவ்வளவு நாள் சிரித்தவனுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. "யாரு கைப்பேசிலயாச்சும் இருக்கும், கேப்போம்."

"இல்லடா. நான்தான் எல்லாத்தையும் அணைக்கச் சொன்னேன்."

தர்சோனோ தலையைச் சொறிந்தான். பிறகு திரையைக் காட்டினான். "இது என்ன? முந்தின நாளு. அஞ்சு மணி நேரம் பன்னெண்டு நிமிஷம்?"

"அது அடுப்படி. வசிலா நிறுத்த மறந்துட்டா. அதை அழிச்சுடு."

அவன் இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். சிறிது நேரத்தில் குலுங்குவது நின்றது. காதிலிருந்து எடுத்துவிட்டு, கார்டைக் கழற்றி அவர் கையில் வைத்தான்.

"இதை நான் அழிக்க மாட்டேன், பாக். வேணும்னா நீங்களே அழிச்சுக்கங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

அந்தக் கடைசி வார்த்தையே மனிதரைப் பள்ளிக்கூடம் வரைக்கும் தலை குனிந்து நடக்க வைத்தது. அங்கே யாரும் இல்லாத வகுப்பறையில், முதல் பெஞ்சில் உட்கார்ந்து கார்டைத் திரும்ப ரெக்கார்டரில் போட்டார். அழிக்கிற பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தார். அந்த நாலாவது தடவையை அவர் மறக்கவில்லை. அதை மகள் கேட்டால்? மாப்பிள்ளை கேட்டால்? சம்பந்தி வீட்டில் போட்டுக் கேட்டால்? மானம் போகும். அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அழித்துவிட்டால் லிஸ்தி வெறுங்கையோடு சோரோங்குக்குப் போவாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, அன்றைக்கு மாலை பள்ளிக்கூடத்தைப் பூட்ட மறந்தே போனார். மறுநாள் காலை தர்சோனோ கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார்.

"சிடி ஒண்ணு போட்டுக் குடு. முழுசா. எதையும் வெட்டாதே."

ஐந்தாம் நாள் பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் அழைத்துப் போக வந்தார்கள். அங்கிருந்து நேரே விமானம். வாசலில் வண்டி, வண்டியில் பெட்டிகள், வாஜிக் இனிப்பு கட்டிய பொட்டலங்கள். லிஸ்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து அப்பாவிடம் வந்தாள். எல்லோர் எதிரிலும் பாக் முகியோனோ சொன்னார்:

"லிஸ்தி, உன் நிக்காஹ் பதிவாகல. நான் கெடுத்துட்டேன். நீ கலக்காதேன்னு சொன்னே, நான் கலந்தேன். மன்னிச்சிரும்மா."

வசிலாகூட வாத்தை எடுக்கவில்லை. அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

"இது ஒண்ணுதான் இருக்கு" என்று சிடியையும், கேட்டுப் பார்க்க ரெக்கார்டரையும் நீட்டினார். "வேணாம்னா விட்டுடு."

லிஸ்தி ரெக்கார்டரின் இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டாள். முதல் தடவைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாவது தடவைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு நாலாவது தடவை வந்தது. அதில் அப்பா, "பிரியாம்போதோ, என் மகள் லிஸ்தியானியை" என்று சரியாகத்தான் ஆரம்பிக்கிறார். அதற்கு மேல் வரவில்லை. துருவல் சத்தம் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெங்காயம்" என்கிறார். அம்மா சொல்கிறாள்: "வெங்காயம் அந்த மூலையில இருக்கு. நீங்க உக்காந்திருக்கறது தேங்காய்கிட்ட." யாரும் சிரிக்கவில்லை. அப்பா மெதுவாகக் கேட்கிறார்: "அவ அங்க போனதுக்கப்புறம் மணி அஞ்சானா யாரு, வசிலா, நம்மளை 'டீ குடிச்சீங்களா'ன்னு கேப்பாங்க?"

லிஸ்தி காதிலிருந்து எடுத்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"கல்யாணத்துல நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுப்பா. நான் அங்கதானே இருந்தேன். அது எனக்கு ஞாபகம் இருக்கும்." சிடியை வாங்கிப் பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டாள். "இதை நான் கேட்டதில்ல. இதுதான் வேணும்." பிறகு ரெக்கார்டரைத் திருப்பிப் பார்த்தாள். "இப்ப இதுல என்ன பேட்டரி?"

"செவ்வாய்க்காரங்க ரெண்டு பேர்."

"சண்டை போடாதா?"

"போட்டா போடட்டும்" என்றார்.

அவள் ரெக்கார்டரை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "அமுக்குங்க."

"என்னத்துக்கு?"

"அமுக்குங்கப்பா."

அவருக்குப் புரிந்துவிட்டது. விரலைத் தூக்கினார். சம்பந்தி வீட்டார் வாயை மூடினார்கள். ஓட்டுநர் தானாகவே எஞ்சினை அணைத்தான். இருபத்துநாலு வயதுப் பெண், பட்டுச் சேலையும் பூவுமாக வாசலில் நின்றுகொண்டு, வாத்து சந்தைக்குப் போன பாட்டைப் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் வாத்து குடை பிடித்துக்கொண்டு போனது.

"குடை இல்லடி" என்றாள் வசிலா, அழுகையோடு. "வாழை இலை. வாத்து வாழை இலைதான் பிடிச்சுக்கிட்டுப் போச்சு."

லிஸ்தி சிரித்துக்கொண்டே அந்த அடியை மறுபடி பாடி முடித்தாள். அவர் நிறுத்துகிற பொத்தானை அமுக்கினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். கோப்பு மூடியிருந்தது.

வண்டி வளைவு திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகும் இருவரும் வாசலிலேயே நின்றார்கள். கடைசியில் அவர்தான் பேசினார்.

"நடுவுல நீ பேசிட்டே. பதிவு கெட்டுப்போச்சு."

"கெடட்டும். அதும் மேல வாய்க்கால் கூட்டம் நடந்துச்சுன்னா கையை ஒடிச்சிருவேன்."

உள்ளே போய் கார்டைக் கழற்றினார். வெள்ளைக் காகிதம் கிழித்து, அன்றைய நாளை எழுதி அதன் மேல் ஒட்டினார். கூட்டிப் பார்க்கவில்லை. மணி ஐந்தாகியிருந்தது. வசிலா அடுப்படியிலிருந்து, "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டாள்.